அறுநூறு ரூபாய்க்கு எவ்வளவு கடல்?

ஏமாற்றம் என்கிற சொல்லை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

ஏமாறுவது, ஏமாற்றுவது, ஏமாற்றம். மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆவலோடு போன சினிமா சொதப்பலாக இருந்தாலும் ஏமாற்றம்தான். சீட்டுக் கம்பெனிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டினாலும் ஏமாற்றம்தான். முதலாவதில் யாரும் உங்கள் பாக்கெட்டில் கை விடவில்லை. இரண்டாவதில் விட்டிருக்கிறான். ஆனால் இரண்டுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே வார்த்தை. அதனாலோ என்னவோ, மனசு வாடினால் போதும், ‘எவன்டா ஏமாத்தினான்?’ என்று ஆள் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

சில சமயம் ஆள் இருப்பான். சில சமயம் இருக்க மாட்டான். சில சமயம் கண்ணாடியில் இருப்பான்.

புதுக்கோட்டை நண்பர் ஒருவரின் மகனும் அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் ஒரு ஜூன் மாதம் அந்தமானுக்குப் போனார்கள். எல்லோருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடச் சேமிப்பு. முதுகில் ஆளுக்கொரு பை. சின்னத் தீவு ஒன்றில், தலைக்கு ஒரு ராத்திரி 600 ரூபாய் என்று போனிலேயே பார்த்து, போனிலேயே பணம் கட்டி, ஐந்து நாளைக்கு இடம் பிடித்திருந்தார்கள். படத்தில் இரண்டு தென்னை மரம், நடுவில் ஒரு வலை ஊஞ்சல், அதற்கு அந்தப் பக்கம் நீலமோ நீலம். கீழே ‘கடலைப் பார்த்த குடில்’ என்று எழுத்து.

போய் இறங்கினால் மழை. குடிலுக்குள் வரிசையாக எட்டுக் கட்டில். நாலில் ஏற்கெனவே வேறு ஊர்க்காரர்கள், ஈரத்துணியைக் கொடி கட்டிக் காயப் போட்டுக்கொண்டு. கடல் கண்ணில் படவில்லை. சகதியில் கால் மணி நேரம் நடந்தால்தான் படும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குடத்துத் தண்ணீரில் ஒரு வாடை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் ஓய்ந்துவிடும். மூன்று வேளையும் சோறு, பருப்பு, மீன்.

ஊர் திரும்பியவன் என்னிடம் கேட்டான்: ‘நல்லா ஏமாந்துட்டோம் சித்தப்பா. ஒரே ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி நறுக்குன்னு எழுதலாம்னு இருக்கேன். எழுதலாமா, கூடாதா?’

அவனுடைய அப்பா குறுக்கே விழுந்தார். ‘600 ரூபாய்க்கு உனக்குத் தாஜ்மஹாலா கட்டித் தருவான்? கொடுத்த காசுக்கு அவ்வளவுதான்!’

மகன் சொல்வதும் ஒரு வகையில் நியாயம். அப்பா சொல்வதும் நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. இரண்டில் எது சரி? நீங்களாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்? கொஞ்சம் யோசித்து வையுங்கள்.

*

பி.காம் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு போடத் தோன்றும். அவனுடைய குறைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். பதினொன்று தேறியது. மூன்று தலைப்பாகப் பிரித்தோம். தேவை, வாக்கு, கற்பனை.

குடிக்கிற தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள், கழிவறைச் சுத்தம். இதெல்லாம் தேவை. ‘கடலைப் பார்த்த குடில்’ என்று எழுதியிருந்தார்களே, அது வாக்கு. மழை, பருப்பு, ‘பக்கத்துக் கட்டில்காரங்க யாருமே பேசலை’, ‘ராத்திரி தீ மூட்டி கிடார் வாசிப்பாங்கன்னு நெனச்சோம்’... இதெல்லாம்? யாரும் சொல்லவில்லை. எங்கோ பார்த்த சினிமா, யாரோ போட்ட படம், இவர்களாகச் சேர்த்துக்கொண்ட மசாலா. கற்பனைக் கணக்கு.

பதினொன்றில் தேவை மூன்று, வாக்கு ஒன்று, கற்பனை ஏழு!

எண்ணிக்கையைப் பார்த்து அப்பா ஜெயித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏழு கற்பனைகள் சேர்ந்தாலும் ஒரு தாழ்ப்பாளுக்கு ஈடாகாது.

வாக்கு விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு 1972-ல் இங்கிலாந்தில் நடந்த ஜார்விஸ் வழக்கு நினைவிருக்கலாம். ஜார்விஸ் ஒரு வக்கீல். வருடத்துக்கு அவருக்கு விடுமுறை இரண்டே வாரம். 1969 கிறிஸ்துமஸுக்கு ஸ்விட்சர்லாந்து மலை கிராமம் ஒன்றுக்குப் போக, சுற்றுலா கம்பெனியிடம் 63 பவுனும் சில்லறையும் கட்டினார். கம்பெனியின் புத்தகத்தில், விடுதியில் தங்குகிறவர்கள் எல்லோரும் கூடிக் களிக்கும் விருந்து, ஆங்கிலம் பேசும் முதலாளி, சாயங்காலம் கேக், ஒரு நாள் அந்த ஊர்ப் பாட்டுக் கச்சேரி என்று அடுக்கியிருந்தார்கள். போனால், முதல் வாரம் பதின்மூன்று பேர். இரண்டாவது வாரம் விடுதியில் அவர் ஒருத்தர்தான்! தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே விருந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. கேக்குக்குப் பதில் உருளைக்கிழங்கு சிப்ஸும் காய்ந்துபோன பலகாரமும். பாட்டுக்காரர் வந்தார். வேலைக்குப் போகிற உடுப்போடு வந்து, நாலைந்து பாட்டை விறுவிறுவென்று பாடிவிட்டுப் போயேவிட்டார்.

கீழ்க்கோர்ட் 31 பவுன் சொச்சம் கொடுக்கச் சொன்னது. கட்டியதில் பாதி. மேல்கோர்ட்டில் நீதிபதி டென்னிங் 125 பவுன் என்றார். கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! காரணம்தான் முக்கியம். அந்த மனிதர் வாங்கியது கட்டிலும் சோறும் அல்ல, சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தராமல் போனால் அதற்கும் விலை உண்டு. மனசு வாடியதற்குக் கோர்ட் காசு போட்டுக் கணக்குப் பார்த்தது.

நம் ஊரிலும் இது உண்டு. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து, மன உளைச்சலுக்கும் இழப்பீடு கொடுக்கலாம் என்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 சட்டம், ஆளை மயக்குகிற விளம்பரத்தையும் கேள்வி கேட்கிறது. ஆக, ‘கடலைப் பார்த்த குடில்’ என்று எழுதினால் கடலைக் காட்ட வேண்டும். 600 ரூபாய் குடிலானாலும் சரி, 60,000 ரூபாய் மாளிகையானாலும் சரி. விலை குறைவு என்பது பொய் சொல்வதற்கான லைசென்ஸ் இல்லை.

அதே சமயம், விலையே ஒரு தகவல் என்பதையும் மறக்கக்கூடாது. ஜூனில் அந்தமான் ஏன் மலிவு? தென்மேற்குப் பருவமழை. அந்த 600 ரூபாய்க்குள்ளேயே மழை எழுதியிருக்கிறது. படிக்க வேண்டியது நாம். மழையை விடுதிக்காரர் அனுப்பவில்லை; அவருக்கும் அது நஷ்டம்தான்.

*

இப்போது அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். ‘கொடுத்த காசுக்கு அவ்வளவுதான்.’

இந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாளாகச் சந்தேகத்தோடு பார்த்து வருகிறேன். கேட்டால் ஞானம் மாதிரி இருக்கும். யார் யாரிடம் இது சொல்லப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். ரேஷன் அரிசியில் கல் கிடந்தால். டவுன் பஸ்ஸில் மழை ஒழுகினால். ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறைக்குத் தண்ணீர் வராவிட்டால். ஏர்கண்டிஷன் பெட்டிக்காரரிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? காசு குறைந்தவன் வாயை மூடுவதற்கென்றே செய்துவைத்த பூட்டு அது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் பெரியவர்கள். சரி. அது தானமாட்டுக்கு. சந்தையில் வாங்குகிற மாடு, சோப்ளாங்கி மாடாகவே இருக்கட்டும், பல்லைப் பார்க்கலாம். பழமொழியே எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறது.

தானத்திலும்கூட நம் ஆட்கள் ‘ஏதோ கொடுத்ததை வாங்கிக்கோ’ என்று விடவில்லை. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. அங்கே நடந்த ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி பற்றிய விவரம் அதில் வருகிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கை. வைத்தியர் யார், சல்லியக்கிரியை செய்கிறவர் யார், மருந்து கொண்டுவருகிறவருக்கு என்ன கூலி, நோயாளிக்கு எவ்வளவு அரிசி, என்னென்ன மருந்து இருப்பில் வைக்க வேண்டும்... எல்லாம் கல்லில்! காசே வாங்காத இடத்தில் அளவை எழுதிவைத்தார்கள். அளவு எழுதியிருந்தால்தான், குறைந்தபோது ஒருவன் கை நீட்டிக் கேட்க முடியும்.

ஆகவே என் கட்சி இது. காசு குறைந்தால் மெத்தையின் கனம் குறையலாம். அறையின் அகலம் குறையலாம். பருப்பில் நெய் குறையலாம். தாழ்ப்பாள் குறையக்கூடாது. தண்ணீர் கெடக்கூடாது. சொன்ன சொல் மாறக்கூடாது. இவை காசுக்கு வாங்குகிற சரக்கு இல்லை. மனுஷனாக வந்து தங்குகிறவனுக்கு எந்த விலையிலும் சேர வேண்டியவை.

*

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடியாபட்டி, இராயவரம், நச்சாந்துபட்டி, குழிபிறை, பனையப்பட்டி பக்கம் போயிருக்கிறீர்களா? நகரத்தார் வீடுகள். தெருவுக்குத் தெரு நீளும் மாளிகைகள். பர்மாத் தேக்குத் தூண்கள், பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சு, ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குக் கட்டுக் கட்டாக முற்றங்கள். இந்த வீடுகளைக் கட்டிய காசைச் சம்பாதித்தவர்கள் எங்கே படுத்துத் தூங்கினார்கள் தெரியுமா?

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ‘கிட்டங்கி’ என்று சொல்வார்கள். நீளமான கடைவீடு. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் வரிசையாக இருந்தன. நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர் செட்டித் தெரு. ஒரே கூடத்தில் பல பேருடைய வட்டிக்கடை. ஆளுக்குக் கொஞ்சம் தரை, ஒரு மேசைப்பெட்டி, ஒரு அலமாரி. பகலில் அங்கேயே உட்கார்ந்து கணக்கு. ராத்திரி பாயை விரித்துத் தூக்கம். பொதுச் சமையல். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. ஒரு தவணை என்றால் மூன்று வருடம். பெண்டாட்டி பிள்ளையெல்லாம் ஊரில். ஊரில் அரண்மனை மாதிரி வீட்டுக்குச் சொந்தக்காரர், அங்கே ஒரு பாய் அகலத்தில் குடித்தனம்!

வெப்பமண்டலத் தீவு. மலிவுத் தங்கல். சக பயணிகள். நம் பையன்கள் போன கதையேதான். ஆனால் கிட்டங்கியிலிருந்து ‘ஏமாந்துட்டோம்’ என்று யாரும் பெரிதாகப் புலம்பிய மாதிரித் தெரியவில்லை. ஏன்? பொறுமைசாலிகள் என்பதாலா? நான் அப்படி நினைக்கவில்லை. போகும் முன்னாலேயே எல்லாம் தெரியும். அப்பா போய் வந்திருக்கிறார், மாமா போய் வந்திருக்கிறார். பாய் எவ்வளவு அகலம் என்பது வரைக்கும் தெரியும். போவது எதற்கு என்பதும் தெரியும். தெரிந்து ஏற்ற சிரமம் சிரமமாக இருக்கலாம், ஏமாற்றமாக ஆகாது. 1970-களில் நகரச் சீரமைப்பு என்று மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை இடித்தபோது பழைய ஆட்களுக்கு அது சொந்த வீடு போனது மாதிரி இருந்திருக்கும்.

நல்ல கதை, இல்லையா? இதோடு நிறுத்தினால், ‘பாத்தியா, அந்தக் காலத்துப் பெரியவங்க எப்படி இருந்தாங்க, இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிலும் திருப்தியில்லை’ என்று ஒரு நீதியோடு கட்டுரையை முடித்துவிடலாம். முடிக்க மனசு வரவில்லை. ஏனென்றால், அதே கப்பலில் வேறு ஆட்களும் போனார்கள்.

ரஜுலா என்றொரு கப்பல். 1926-ல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்து ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். ரஜுலாவுக்கு முன்னாலும் பல கப்பல்கள். அவற்றின் தளத்தில் கிட்டங்கிக்குப் போகிற பையனும் இருந்தான். பக்கத்திலேயே ரப்பர் தோட்டத்துக்குப் போகிற கூலியும் இருந்தான். ஒரே கடல், ஒரே வெயில், ஒரே சோறு. ஆனால் கூலியைக் கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி. தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தோட்டத்திலிருந்து கமிஷன். அதனால் ஊரில் வந்து மலாயாவைப் பற்றி அவர் காட்டிய படத்தில் கைநிறையக் காசு இருந்தது. தோட்டத்துக் காய்ச்சலும், கழித்துக்கொள்ளப்போகிற முன்பணக் கடனும் அந்தப் படத்தில் இல்லை.

பினாங்குக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் ஜெரஜாக் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. காலராவும் அம்மையும் பரவக்கூடாது என்று, வந்திறங்கும் குடியேறிகளை முதலில் அங்கேதான் தடுத்து வைத்தார்கள். தோட்டத்துக்கு வந்தவர்கள் மலாயாவில் முதன்முதலாகப் பார்த்த ‘தங்குமிடம்’ அதுதான். தென்னை மரம் உண்டு. கடல் உண்டு. நீலமோ நீலம்! 2000-களில் அதே தீவில் உல்லாச விடுதி ஒன்றும் நடந்தது. இடம் ஒன்றே, வருகிறவனிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தது. அந்த மக்கள் குறைந்த கூலி பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர்களுக்கும் கிட்டத்தட்ட இதுதான் பதிலாகச் சொல்லப்பட்டிருக்கும்: உனக்கு இதுவே ஜாஸ்தி.

கிட்டங்கிப் பையனுக்கும் தோட்டக் கூலிக்கும் படுக்கை ஒன்றுதான். ஒரு பாய். ஒருவன் சிரமப்பட்டான். இன்னொருவன் ஏமாற்றப்பட்டான். ‘எல்லாரும்தான் பாயில படுத்தோம்’ என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவது நியாயமில்லை. நடுவில் ஒரு பொய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2017-ல் பஹாமாஸ் தீவு ஒன்றில் ஃபையர் திருவிழா என்று விளம்பரம் செய்து, பிரபல மாடல் அழகிகளை வைத்துப் படம் எடுத்து, ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கி, கடைசியில் பேரிடர்க் கூடாரத்தில் பணக்காரப் பிள்ளைகளைத் தங்க வைத்தார்களே, நினைவிருக்கிறதா? உலகமே சிரித்தது. அமைப்பாளருக்கு 2018-ல் ஆறு வருடம் சிறை. ஏமாந்தவன் பணக்காரன் என்றால் சிரிக்கிறோம். ஏழை என்றால் ‘கொடுத்த காசுக்கு’ என்கிறோம். பொய் இரண்டு இடத்திலும் பொய்தான்.

*

சரி, அந்தப் பையனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். ‘எழுது’ என்றேன். தாழ்ப்பாள் இல்லை என்று எழுது. தண்ணீர் சரியில்லை என்று எழுது. கடல் தெரியாது, கால் மணி நடை என்று எழுது. அடுத்து வருகிற நாலு பேருக்கு உபகாரம். கூடவே பெண் பிள்ளைகள் வந்தால் தாழ்ப்பாள் விஷயம் உயிர் விஷயம். மழையை எழுதாதே. பருப்பை எழுதாதே. கிடார் வாசிக்க ஆள் இல்லை என்று எழுதவே எழுதாதே. ஐந்து நாளும் சோறாவது சூடாக வந்ததா? வந்தது என்றால் அதையும் எழுது. ஒரு ஸ்டாரா மூன்று ஸ்டாரா என்பது உன் இஷ்டம். அந்தக் குடிலைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவருக்கு அதுதான் அடுத்த மாதத்துச் சோறு. அவருடைய தப்புக்கு அவர் பொறுப்பு. உன் கற்பனைக்கும் சேர்த்து அவரிடம் பில் போடாதே.

இன்னொன்றும் உண்டு. அதை எந்த விடுதிக்காரர் தலையிலும் கட்ட முடியாது. அந்த நாலு பேரில் ஒருவன் முதல் நாளிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். ‘கோவா போயிருக்கலாம், நான் அப்பவே சொன்னேன்’ என்று ஐந்து நாளும் ஒரே பல்லவி. இரண்டாவது நாள் இன்னொருவனுக்குத் தொற்றியது. மூன்றாவது நாள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் தொற்றியது. எட்டுப் பேர் எட்டு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிக்னல் இல்லாத போனை!

மழையில் யாருக்கும் பங்கில்லை. முணுமுணுப்பில் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. ஒன்றாகப் போகிறவர்கள் ஒரு பொதுச் சட்டியில் காசு போட்டுச் செலவு செய்வார்கள் அல்லவா? சந்தோஷமும் அதே மாதிரிப் பொதுச் சட்டிதான். ஒருத்தர் கை விட்டு எடுத்துக்கொண்டே இருந்தால் மற்றவர்களுக்கும் காலி. குறையைச் சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வது உரிமை. அதையே கூட வந்தவன் காதில் ஐந்து நாளைக்கு ஊற்றுவது, அவன் வாங்கிய டிக்கெட்டில் கை வைப்பது.

இக்கரைக்கு அக்கரை பச்சை. சுற்றிலும் அக்கரையே இல்லாத தீவிலும் மனசு ஓர் அக்கரையைக் கண்டுபிடித்துவிடுகிறது பாருங்கள். அதற்குக் கோவா என்று பெயர்.

*

இவ்வளவு நேரம் நம்மைத் தங்க வந்தவர்களாகவே வைத்துப் பேசிவிட்டோம். ஒரு நிமிஷம் இடத்தை மாற்றி உட்காருங்கள். நீங்கள் விடுதிக்காரர்.

நாமெல்லோருமே யாருக்கோ படம் காட்டி அழைத்து வந்தவர்கள்தானே? பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காட்டிய சாந்தமான முகம். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘அணியாக உழைப்பவர்’ என்று எழுதிய வரி. ‘வா, நம்ம ஊர்லயே கடை போடலாம், நான் இருக்கேன்’ என்று தம்பியை வரவழைத்த வார்த்தை. பிள்ளையிடம் ‘பத்தாவது முடி, சைக்கிள் வாங்கித் தர்றேன்’ என்றது. வந்து பார்த்தவர்களுக்குக் கடல் தெரிந்ததா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா? அவர்கள் யாரும் ஸ்டார் போடுவதில்லை. சத்தமில்லாமல் சரிப்படுத்திக்கொண்டு நம்மோடு தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பேரேட்டிலும் தேவை, வாக்கு, கற்பனை என்று மூன்று தலைப்பு இருக்கும். மூன்றாவதை நாம் தீர்க்க முடியாது. முதல் இரண்டும் நம் கடன்.

இது பற்றி யோசிக்க நல்ல இடம் ஒன்று சொல்கிறேன். அந்தமான் வரைக்கும் போக வேண்டாம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் சித்தன்னவாசல். எல்லோரும் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குன்றில் ஏறினால் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகைத்தளம் இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய இடம். பாறையில் செதுக்கி, வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள். அதில் ஒன்றில் இரண்டாயிரம் வருடத்துத் தமிழ்-பிராமி எழுத்து. எருமைநாட்டில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று படித்திருக்கிறார்கள். எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பது அறிஞர்கள் கருத்து. எங்கிருந்தோ நடந்து வந்த ஒருவர். இங்கே இருந்த ஒருவர் அவருக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார். வந்தவர் பேரும் இருக்கிறது, கொடுத்தவர் பேரும் இருக்கிறது.

வந்தவர் துறவி. காசு கொடுத்திருக்க மாட்டார். எதையும் கேட்டிருக்கவும் மாட்டார். வெறும் பாறையிலேயே படுத்துக்கொள்ளத் தயாராக வந்தவர். ‘கொடுத்த காசுக்கு’ என்று பார்த்தால் அவருக்குச் சேர வேண்டியது பூஜ்ஜியம்.

ஆனால் அந்தப் படுக்கைகளில் தலைமாட்டைப் பாருங்கள். செதுக்கிய ஆள் அங்கே மட்டும் கல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டிருக்கிறார். தலையணைக்கு.